பதினாறில் ஒருத்தன் சும்மா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என் மேல்தான். இப்போது இவ்வளவு சுலபமாகச் சொல்கிறேனே தவிர, அன்றைக்கு இந்த ஒரு வாக்கியத்தை என் வாயிலிருந்து வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் கண்ணுக்குப் பவர் பார்த்து, லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமில் மாட்டி, மூக்கில் உட்கார வைத்து அனுப்புகிறேன். நாற்பதைத் தாண்டியவர்கள் வருவார்கள். பேப்பரைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் எழுத்தை ரொம்பச் சின்னதா அச்சடிக்கறாங்க" என்பார்கள். "எழுத்து அதே சைஸ்லதான் இருக்கு. உங்களுக்குத்தான் வயசாகுது. இதுக்குப் பேர் வெள்ளெழுத்து" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். எனக்கு நாற்பத்தேழு. கண்ணாடி கிடையாது. கடையில் வெளிச்சம் கொஞ்சம் கம்மி என்பதால் மட்டும் சில சமயம் மருந்துச்சீட்டைத் தள்ளிப் பிடிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் வேறு ஆள். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு டப்பாவைப் பொது இடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் ஒரு துப்பையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களை ஃபோனில் போட்டுக்கொண்டு போய்த் தேடுவார்கள். கிடைத்தால், உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, இணையத்தில் 'கண்டுபிடித்தேன்' என்று ஒரு பதிவு போடவேண்டும். கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று போடவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. "இதுல என்ன கிடைக்கும்?" என்று என் வீட்டுக்காரர் முதல் நாள் கேட்டார். "டப்பா கிடைக்கும்" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

எங்கள் குழுவில் என்னைத் தவிர இருபது பேர். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பூங்காவுக்கு எதிரே இருக்கும் காபிக்கடையில் கூடுவோம். தலைவர் ஒரு பல் டாக்டர். அவருக்கு அடுத்தபடி டிராயிங் மாஸ்டர். மூன்றாவது நான். பதினோரு வருஷத்தில் ஆயிரத்தெண்ணூறு பெட்டி. மரப்பொந்து, குழாய்மூடி, போலிக் கல், போலிக் கிளை, ஒரு தடவை போலி நத்தை, எதுவும் என் கண்ணிலிருந்து தப்பியதில்லை. குழுவில் எனக்குக் 'கழுகு' என்று பெயர். நானாக வைத்துக்கொண்டதில்லை. யாரோ ஒரு தடவை சொன்னார், நான் மறக்க விடவில்லை.

எங்களுக்கென்று கொஞ்சம் பாஷை உண்டு. விளையாட்டில் இல்லாத பொதுஜனத்துக்குப் பெயர் 'பராக்கு'. பராக்கு பார்க்கும்போது பெட்டியைத் தொடக்கூடாது. பதிவின் கடைசியில் 'பெ.ந.' என்று போடவேண்டும். 'பெட்டிக்கு நன்றி' என்பதன் சுருக்கம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மரியாதை: எங்கே கிடைத்தது, எங்கே தேடினோம் என்று மூச்சு விடக்கூடாது. பதிவில் எழுதக்கூடாது, பேச்சில் கசியக்கூடாது. அடுத்து தேடப்போகிறவரின் சந்தோஷத்தைக் கெடுக்கிற காரியம் அது.

இந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

போன வருஷம் நான் ஒரு பெட்டி ஒளித்தேன். பெட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் அது ஒரு போலி போல்ட்டு. உள்ளே கூடு, அடியில் காந்தம், கூட்டுக்குள் சுருட்டி வைத்த காகிதம். பூங்கா ஓரத்துக் கால்வாயின் மேலே ஓர் இரும்பு நடைபாலம் போகிறது. அதன் படிக்கட்டில், கைப்பிடியின் அடித்தகட்டில் பதினைந்து போல்ட்டு வரிசையாக இருக்கும். பதினாறாவதாக என்னுடையதை ஒட்ட வைத்தேன். பெட்டிக்குப் பெயர் 'சோம்பேறி'. துப்பு: 'பதினாறு பேர் நிற்கிறார்கள், ஒருத்தன் சும்மா.' எப்படி இருக்கிறது? எனக்கே என்னை நினைத்தால் பெருமையாக இருந்தது.

பெருமை நாளாக நாளாக ஊறியது. முதல் மாதம் ஒன்பது பேர் தேடினார்கள். கிடைக்கவில்லை. மூன்றாவது மாதம் பல் டாக்டர் 'நான்காவது முயற்சி. கிடைக்கவில்லை. முழங்காலில் சிராய்ப்பு' என்று பதிவு போட்டார். டிராயிங் மாஸ்டர் 'தேடினேன். ஒரு தாய் என்னைப் போலீசில் பிடித்துக் கொடுப்பதாகச் சொன்னார். கிடைக்கவில்லை' என்று எழுதினார். பாலத்தின் மேல் போகிற தாய்க்கு இவரிடம் என்ன கோபம் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே பதில் போட்டேன். 'கண் இருந்தால் போதும்.' 'கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடவும்.' ஒருவருக்கு, 'வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, ஒரு தடவை கடைக்கு வந்து பவர் பார்த்துக்கொள்ளவும்.'

பதினான்கு மாதம். நாற்பத்தொரு 'கிடைக்கவில்லை'. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் பாலத்துக்குப் போய்ப் போல்ட்டைத் திறந்து பார்ப்பேன். காகிதம் வெள்ளை வெளேரென்று இருக்கும். முதல் வரியில் யாருடைய பெயரும் இல்லாததைப் பார்த்துப் பூரித்துப்போய்த் திரும்ப வைத்துவிட்டு வருவேன். எண்களைப் போட்டுப் பார்த்துப் போனதில்லை. சொந்த வீட்டுக்கு யாராவது மேப் பார்த்துக்கொண்டு போவார்களா?

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் விளையாட்டில் சேர்ந்தாள்.

என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் சிரிப்பு. தனியாக இருக்கிறாள். "ஞாயித்துக்கிழமை கடை லீவு, அண்ணி. உங்களோட நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து எப்படி வேண்டாம் என்பது? வா என்றேன்.

முதல் ஞாயிறு அவளுக்குச் சுலபமான ஒரு பெட்டியைக் காட்டி, "நீயே எடு" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தால் அவள் பையைத் தட்டிக்காட்டிச் சிரித்தாள். மறுநாள் அவள் கடைக்குப் போகிறேன், அந்த டப்பா சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சைக்கிள் சக்கரத்துக்குப் போடுகிற பால்ஸ் குண்டுகள்.

"நல்ல டப்பா, அண்ணி. மூடி டைட்டா இருக்கு. எத்தனை நாளா இப்படி ஒண்ணு தேடிட்டு இருந்தேன் தெரியுமா?"

"அடிப்பாவி! இது டாக்டரோட பெட்டி! எடுத்த இடத்துல வைக்கணும்!"

"எடுத்துக்கிட்டாத்தானே கண்டுபிடிச்ச மாதிரி?"

இரண்டாவது ஞாயிறு ஒரு பேங்க் வாசலில் பூந்தொட்டிக்குக் கீழே பெட்டியைப் பார்த்தவள், "கிடைச்சிடுச்சு!" என்று போட்ட சத்தத்தில் காவலாளி விசிலை வாயில் வைத்துவிட்டார். மூன்றாவது ஞாயிறு, நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற நேரத்துக்குள், நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு குடும்பத்தை நிறுத்தி, "ஏங்க, இங்க ஒரு டப்பா ஒளிச்சு வெச்சிருக்காங்களாம், பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் குடும்பமே எங்களோடு சேர்ந்து புதரை விலக்கித் தேடியது. மானம் கப்பலேறியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் உட்கார்ந்து பதினான்கு விதிகளை எழுதி, லேமினேட் செய்து, அவள் கையில் கொடுத்தேன். ஒன்றாம் விதி: இடத்தை யாருக்கும் சொல்லாதே. இரண்டு: பராக்கு முன்னால் வாயைத் திறக்காதே. பத்து: இடத்தை ஃபோட்டோ எடுக்காதே. இப்படிப் போகும். பதினான்காவது விதி மட்டும் பெட்டி ஒளிப்பவர்களுக்கு: காகிதத்தைப் பார்க்காமல் யார் பதிவையும் அழிக்காதே. "மனப்பாடம் பண்ணு. அப்புறம்தான் என்கூட வரணும்" என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். அவள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அவருக்கு இரண்டு பேரும் வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், ஃபோன் சிணுங்கியது. 'சோம்பேறி'க்கு ஒரு புதிய பதிவு.

'கண்டுபிடித்தேன். வேலைக்குப் போற வழிதான். கஷ்டமே இல்லை. பெ.ந.'

போட்டது என் நாத்தனார்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பதினான்கு மாதம் பல் டாக்டர் முழங்காலைத் தேய்த்துக் கிடைக்காதது, நேற்று வந்த இவளுக்குப் போகிற வழியில் கிடைத்ததாம்! கஷ்டமே இல்லையாம்! இந்த விளையாட்டில் திருட்டை விடக் கேவலமான காரியம் ஒன்று உண்டு. போகாமலே 'கண்டுபிடித்தேன்' என்று பதிவு போடுவது. உடனே ஃபோன் போட்டேன்.

"எங்க எடுத்தே?"

"உங்களுக்குத் தெரியாதா, அண்ணி?" சிரிப்பு.

"எனக்குத் தெரியும். நீ சொல்லு."

"இப்பச் சொல்ல முடியாதே. பக்கத்துல ரெண்டு கஸ்டமர் நிக்கறாங்க. பராக்கு." குரலைத் தாழ்த்தினாள். "விதி ரெண்டு."

"காது குத்தாதே! நாற்பத்தொரு தடவை எல்லாரும் மண்ணைக் கவ்வின இடம் அது. உனக்கு மட்டும் போற வழியில கிடைச்சுதா?"

"ஆமா, அண்ணி. நிஜமாத்தான்." சிரிப்பு காணாமல் போயிருந்தது. "வேணும்னா நீங்க போய்க் காகிதத்தைப் பாருங்களேன்."

பார்த்திருக்கலாம். கடையிலிருந்து பாலம் பத்து நிமிஷ நடை. ஆனால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஃபோனை வைத்தேன். பதிவை அழித்தேன். அதோடு நின்றேனா? குழுவில் எல்லாரும் பார்க்கும்படி எழுதினேன்: 'சோம்பேறிக்கு வந்த பதிவு பொய்ப்பதிவு. நீக்கப்பட்டது. சொந்தக்காரர் என்பதற்காக யாருக்கும் சலுகை கிடையாது.' இருபது பேரும் கை தட்டுகிற பொம்மை அனுப்பினார்கள். நேர்மை என்றால் கழுகுதான் என்று டிராயிங் மாஸ்டர் எழுதினார். அதை நான் மூன்று தடவை படித்தேன்.

அந்த ஞாயிறுதான் மாதக் கூட்டம். நாத்தனார் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். சைக்கிளை வெளியே சாத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு, என் எதிரில் உட்கார்ந்தாள். கண் லேசாகச் சிவந்திருந்தது. காபிக்கடைப் பையன் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது என்று அவளிடம் முனகிவிட்டுப் போனான். இருப்பா, பார்க்கிறேன் என்றாள்.

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் யாரிடம் பேசினாலும் வாயைத் திறக்கச் சொல்லி நாற்காலியில் சாய்த்துவிட்ட மாதிரிப் பேசுவார்.

"புதுசா வர்றவங்களுக்குப் பொறுமை வேணும்மா. ஒரு பெட்டிக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்லக்கூடாது."

"நான் பொய் சொல்லலைங்க."

"அப்ப ஃபோட்டோ ஏதாவது இருக்கா?"

"எடுக்கக்கூடாது. விதி பத்து."

"எங்கே எடுத்தீங்கன்னாவது சொல்லுங்க."

"சொல்லக்கூடாது. விதி ஒண்ணு." அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணிதான் சொல்லிக் கொடுத்தாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டிராயிங் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "விதியாவது மண்ணாவது! பதினாலு மாசம் ஆச்சு! நான் இன்னைக்கு உடைச்சே கேக்கறேன். அந்தச் சறுக்குமரத்துல எந்தப் பக்கம் இருந்துச்சு? ஏணிப்பக்கமா, சறுக்கற பக்கமா?"

"சறுக்குமரமா?" என்றாள் நாத்தனார்.

"சறுக்குமரமா?" என்றேன் நான். நல்லவேளை, என் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

ஏனென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்திருந்தார்கள். பதினான்கு மாதம் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள், ஒருத்தர் உடைத்ததும் கொட்டினார்கள். குழந்தைகள் விளையாடுமிடத்துச் சறுக்குமரத்தில் ஏணியை விட்டுவிட்டால் சரியாகப் பதினாறு போல்ட்டாம். பதினாறையும் இருபது பேரும் முறைபோட்டுத் திருகிப் பார்த்துவிட்டார்களாம். குழாய்ச் சறுக்குமரத்துக்குள்ளே இருக்குமோ என்று பல் டாக்டர் உள்ளே போய், நடுவில் இடுப்பு மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று சறுக்கி வந்து காலால் தள்ளித்தான் வெளியே வந்தாராம். தோட்டக்காரர் 'சறுக்குமரத்தின் போல்ட்டுகளைப் பெரியவர்கள் திருகக்கூடாது' என்று போர்டே வைத்துவிட்டாராம்.

"அந்த போர்டைக்கூடக் கழுகோட குறும்புன்னு நினைச்சோம்!" என்றார் டாக்டர்.

சறுக்குமரம் எங்கே, என் பாலம் எங்கே! நடுவில் ஒரு புல்வெளி, ஒரு நீரூற்று. என் நாத்தனார் வீட்டிலிருந்து கடைக்குப் போகிற வழியில் சறுக்குமரம் கிடையாது. பாலம் உண்டு. தினமும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில்தான் அவள் ஏறுகிறாள்.

"அப்ப சறுக்குமரத்துல எடுக்கலையா நீங்க?" டிராயிங் மாஸ்டர் மடக்கிவிட்ட சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா, இடமே தெரியலை! மாட்டிக்கிட்டீங்களே!"

அவள் வாயைத் திறந்து, மூடினாள். பாலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பையிலிருந்து லேமினேட் செய்த அந்த அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க, அண்ணி. பதினாலும் மனப்பாடம் ஆயிடுச்சு. எனக்கு இது சரிப்படாது. இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க போயிட்டு வாங்க." எழுந்து வெளியே போனாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டிய நேரம் அதுதான், தெரியும். ஆனால் மேஜையைச் சுற்றி எத்தனை முகம்! அந்த ஒவ்வொரு முகத்துக்கும் நான் 'கண் இருந்தால் போதும்' என்று எழுதியிருக்கிறேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. போல்ட்டை எடுத்துக் கால்வாயில் போட்டுவிட்டு, காணாமல் போய்விட்டது என்று பதிவு போட்டால் முடிந்தது. நான் கழுகாகவே இருந்துவிட்டுப் போகலாம். அவள் மட்டும் பொய்க்காரி. ஆமாம், இவ்வளவையும் நான் நினைத்தேன். நினைக்காத மாதிரி இப்போது நல்லவள் வேஷம் போட முடியாது.

"இதோ வந்துடறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினேன்.

பாலத்துக்கு ஓடினேன். நாற்பத்தேழு வயதில் நான் ஓடி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். படியில் உட்கார்ந்து பதினாறாவது போல்ட்டைத் திருகினேன். காகிதத்தை விரித்தேன். முதல் வரி காலியாக இல்லை. என்னமோ எழுதியிருந்தது. பொடிப்பொடியாக, எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. கிட்டே கொண்டுவந்தேன், கலங்கியது. தள்ளிப் பிடித்தேன், இன்னும் தள்ளிப் பிடித்தேன், கையை முழுக்க நீட்டினேன். எனக்குக் கை போதவில்லை.

பட்டப்பகல். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வெளிச்சம் கம்மி என்று சொல்லவும் வழியில்லை.

என் பையில் ஒரு கண்ணாடி இருந்தது. பல் டாக்டருக்காகச் செய்தது, படிக்கிற கண்ணாடி, அன்றைக்குக் கூட்டத்தில் கொடுப்பதற்காகக் கொண்டுவந்தது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. திருடியைப் போல எடுத்து மாட்டினேன்.

அப்பாடி! எழுத்து ஒவ்வொன்றும் முன்னால் வந்து நின்றது. முதலில் என் நாத்தனாரின் பெயர், அதற்குக் கீழே:

'நானா கண்டுபிடிச்ச முதல் பெட்டி. எங்க அண்ணி ஒளிச்சது. கத்தலை. கழுவலை. வீட்டுக்குக் கொண்டுபோகலை. யார்கிட்டயும் சொல்லலை. அண்ணிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். பெ.ந.'

அண்ணிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். அந்த அண்ணி என்ன செய்தாள் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சைக்கிளில் வந்த ஒரு பராக்கு, "ஏதாவது தொலைஞ்சுபோச்சாம்மா?" என்று கேட்டார். "கிடைச்சிடுச்சுங்க" என்றேன்.

பிறகு, கண்ணாடியைக் கழற்றாமலே, பையிலிருந்து பழைய ஜி.பி.எஸ். கருவியை எடுத்தேன். பாலத்தில் பெட்டியை வைத்த அன்று இதைப் பார்த்துத்தான் எண்ணை ஃபோனில் ஏற்றினேன். கருவியில் கடைசி மூன்று இலக்கம் 237. ஃபோனில் நான் போட்டிருந்தது 287. ஒரு மூன்று, எட்டாகிவிட்டது. அந்த ஒற்றை இலக்கம் பெட்டியைத் தொண்ணூற்றிரண்டு மீட்டர் தூக்கிக்கொண்டு போய்ச் சறுக்குமரத்தின் மேல் வைத்துவிட்டது. 'ஒரு தடவை கடைக்கு வந்து பவர் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியவள் நான்.

திரும்பி வந்தபோது நாத்தனார் போயிருக்கவில்லை. காபிக்கடை வாசலில் குந்தி உட்கார்ந்து அந்தப் பையனின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் கிரீஸ். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"கையெல்லாம் கிரீஸ், அண்ணி!"

"இருக்கட்டும். வா உள்ளே."

மேஜைக்கு முன்னால் அவளை நிறுத்தினேன். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அது என் கண்ணாடி இல்லையோ?" என்றார் பல் டாக்டர்.

"உங்களோடதுதான். ரெண்டு நிமிஷம் பொறுங்க, எனக்குத் தைரியம் வேணும்." மூச்சை இழுத்துக்கொண்டேன். "இவ பொய் சொல்லலை. நான் அழிச்சது நிஜப் பதிவு. காகிதத்துல இவ பேர் இருக்கு, முதல் வரியில, நான் இப்பதான் பாத்துட்டு வர்றேன். பெட்டி சறுக்குமரத்துல இல்லை. அங்க எப்பவுமே இருந்ததில்லை. நான் 237-ஐ 287-னு போட்டுட்டேன். ஏன்னா எனக்கு வெள்ளெழுத்து."

காபி மெஷின் மட்டும் உஸ்ஸென்றது.

"அப்ப நான் அந்தக் குழாய்க்குள்ள மாட்டிக்கிட்டது?" என்றார் டாக்டர் மெதுவாக.

"சும்மா."

"நாலு தடவை போனேனே!"

"நாலும் சும்மாதான், டாக்டர். மன்னிச்சிடுங்க."

"அந்தம்மா என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கறேன்னாங்களே!" என்று டிராயிங் மாஸ்டர் எழுந்து நின்றார். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நாத்தனார் என்றுதான் நினைக்கிறேன். வாயைப் பொத்தப்போய், இன்னொரு கன்னத்திலும் கிரீஸைப் பூசிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கடையே சிரித்தது. எனக்கு மட்டும் அசடு வழிந்தது.

நான் அவளிடம் திரும்பினேன். எல்லாருக்கும் முன்னால்தான் அவளைப் பொய்க்காரி ஆக்கினேன், அதனால் எல்லாருக்கும் முன்னாலேயே கேட்டேன். "தப்பு என் மேலதான். பாலம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏண்டி சொல்லலை?"

"நீங்கதானே சொல்லாதேன்னீங்க?" என்றாள். கேலி இல்லாமல், நிஜமாகவே புரியாத மாதிரி. பிறகு இருபது பேரும் "பாலமா!" என்று கத்தியதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி, இப்ப நீங்களே சொல்லிட்டீங்களே! விதி ஒண்ணு!"

அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபோனில் எண்ணைப் போடவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. துப்பை மட்டும் படித்திருக்கிறாள். அன்றிலிருந்து எங்கே போல்ட்டைப் பார்த்தாலும் எண்ணியிருக்கிறாள். "பாலத்துல பதினஞ்சுக்கு வாஷர் இருக்கு, ஒண்ணுக்கு இல்லை. வாஷர் இல்லாம ஒரு போல்ட்டைப் பாத்துட்டு நான் எப்படிச் சும்மா போறது?" என்றாள்.

தண்டனையைக் குழு ஏகமனதாக முடிவு செய்தது. அன்றைக்கே, சறுக்குமரத்தில் பதினான்கு மாதமாகத் தளர்ந்துபோயிருந்த பதினாறு போல்ட்டையும் நான் முறுக்கவேண்டும். நாத்தனார் ஸ்பேனர் கொடுத்தாள். தோட்டக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். நான் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு சறுக்குமரத்தின் அடியில் முறுக்க, இருபது பேரும் சுற்றி நின்று ஆளுக்கொரு தடவை, "கண் இருந்தால் போதும்!" என்றார்கள். டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

"அண்ணி, அது கழட்டற பக்கம். இந்தப் பக்கம் திருப்புங்க" என்று நாத்தனார் குனிந்து என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னும் கோபமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்" என்றாள். "ஒன்பதாவது போல்ட்டு இன்னும் ஆடுது, பாருங்க."

அன்று சாயங்காலம் எண்ணைத் திருத்தினேன். நாற்பத்தொரு பதிவுக்குக் கீழேயும் தனித்தனியாக மன்னிப்பு எழுதினேன். அழித்த பதிவை மட்டும் என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அவளேதான் புதிதாகப் போடவேண்டும். "போடறேன், போடறேன்" என்றாள். திங்கள் போடவில்லை. செவ்வாய் போடவில்லை. நான் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

புதன்கிழமை கடையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து, பேப்பரைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் எழுத்தை ரொம்பச் சின்னதா அச்சடிக்கறாங்கம்மா" என்றார். அந்த நேரம் ஃபோன் சிணுங்கியது. நாத்தனார் எனக்காகத் தேர்ந்தெடுத்த சிவப்பு ஃபிரேமை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தேன்.

'கண்டுபிடித்தேன். ரெண்டாவது தடவை. இடம் சொல்லமாட்டேன். ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும், அண்ணி? பெ.ந.'

கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கும் எழுத்து சின்னதாத் தெரியுதாம்மா?" என்று பெரியவர் அக்கறையாகக் கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "இப்ப நல்லாத் தெரியுது."